மச்சான் ஓடாத ஓட்டம்

டிரில் வரிசையில் மச்சானின் கால்கள் நடுங்கியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. குந்தி எழும்பும் பயிற்சி. நாங்கள் இருபது தரம் செய்தோம். அவன் எட்டாவது தரத்தில் புழுதியில் விழுந்துவிட்டான். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் எங்கள் கல்லூரியில் அவனைப்போல ஓட ஆளில்லை. அவனுக்கு அடுத்தவன் நான். கல்லூரிகளுக்கிடையிலான ஓட்டத்துக்கு ஒருவனைத்தான் அனுப்புவார்கள்.

டிரில் மாஸ்டர் வகுப்புத் தலைவனான என்னைத் தனியே கூப்பிட்டார். "என்னடா உவனுக்கு? காய்ச்சல் வருத்தமெண்டால் நாளைக்கு ஓடவிட்டுப் பாப்பம்."

"வருத்தமில்லை சேர். வெறும் சோம்பல், உடம்பு வளைக்கப் பஞ்சி."

எனக்குத் தெரியாதா? அன்று விடியப்புறம் உரும்பிராயில் எங்கள் புகையிலைத் தோட்டத்துக்கு இறைப்பு. கிணற்றுத் துலாவில் ஏறி முன்னும் பின்னுமாக நடந்து மிதித்தால்தான் தண்ணீர் மேலே வரும். அது என் வேலை. ஓட்டத்துக்குக் கால் சோர்ந்துவிடும் என்று ஐயாவிடம் சிணுங்கித் தப்பிக்கொண்டேன். "நீ போய் ஓடிப் பழகு, நான் மிதிக்கிறன்" என்று என் இடத்தில் ஏறியவன் மாமாவின் மகனான இந்த மச்சான்தான். தனக்கும் அதே ஓட்டம் இருக்கிறது என்று அவன் ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டு மணித்தியாலம் எங்கள் துலாவை மிதித்துவிட்டு, கஞ்சிகூடக் குடிக்காமல் ஓடிவந்தவனைத்தான் பஞ்சி பிடித்தவன் என்றேன். சீ, நானும் ஒரு மனிசனா!

மாஸ்டர் அவன் பெயரை வெட்டி என் பெயரை எழுதினார். போட்டியன்று காலையும் மச்சான் எங்கள் துலாவை மிதித்துவிட்டுத்தான் பார்க்க வந்தான். நான் இரண்டாவதாக வந்தேன். அவன் என்னைத் தூக்கிக்கொண்டு, "பாத்தியளே! துலா மிதிச்ச கால் உது!" என்று சனத்துக்குக் கத்தினான். என் கால் துலாவில் பட்டு ஒரு மாதம். நக்கலோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். நக்கலில்லை. நெஞ்சாரச் சந்தோசப்பட்டான். கூட்டத்துக்கு நடுவில் எனக்கு உடம்பு கூசியது.

இப்போது டாக்குத்தர் சொன்னபடி பின்னேரங்களில் நடக்கிறேன். மச்சானும் கூட வருகிறான். எனக்கு இளைக்கும்போது அவனே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறான். நேற்று நடந்துகொண்டே திடீரெனக் கேட்டான்.

"அண்டைக்கு நான் விழாட்டி, என்னை ஓட விட்டிருப்பினம் என்ன மச்சான்?"

"ஓம்" என்றேன். விழுந்த பிறகும் விட்டிருப்பார்கள், கெடுத்தது நான்தான் என்று சொல்ல இந்த வயதிலும் எனக்கு வாய் எழவில்லை.