பத்துக்கு இரண்டு, ஆனால் மறுபடியும் பார்ப்பேன்

அந்தப் படத்தைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரே ஒரு பெண்ணுக்காவது தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கே தெரியவில்லை என்பதுதான் சங்கடம்.

தெருவில் அவளுக்குப் பெயர் கேள்வியம்மா. தொலைக்காட்சிக்காரர்களுக்காகப் பார்வையாளர்களிடம் போனில் கருத்துக் கேட்டுத் தரும் அலுவலகத்தில் வேலை. மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்து ஏசி முகத்தில் மூச்சு விடும். அட்டைத் தடுப்புக்குள் ஆளுக்கொரு நாற்காலி, பஞ்சு பிய்ந்துபோன ஹெட்போன். அதன்மேல் அவரவர் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார வேண்டும். எந்த எண் என்று அவளுக்குக் காட்டாமலே இயந்திரம் யாரையோ அழைக்கும். அந்தப் பக்கம் “ஹலோ” வந்ததும் திரையில் உள்ள கேள்வியை உள்ளபடியே படிக்க வேண்டும்.

உள்ளபடியே என்பதுதான் அங்கே வேதம். “அப்படியா?” கூடாது, “அய்யோ பாவம்” கூடாது. குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் பதிலும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுமாம். கல்யாண வீட்டுக்கு அழைப்பு போனாலும் இழவு வீட்டுக்குப் போனாலும் ஒரே குரல். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து யார் பேச்சை வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கும் மேற்பார்வையாளருக்கு ‘காது’ என்று பெயர். மனிதருக்கு மற்ற உறுப்புகள் எல்லாம் சும்மா துணைக்குத்தான்.

இப்போது கையில் இருந்தது ஒரு கிறிஸ்துமஸ் காதல் படம். தியேட்டருக்கு வராமல் நேராக வீட்டுக்குள் வந்த தொலைக்காட்சிப் படம். பெரிய நகரத்துக் கம்பெனியில் மேனேஜராக இருக்கும் பெண்ணுக்கு ஒருவனோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவன் படம் முழுக்கப் போனைக் காதில் வைத்தபடி எங்கோ வேலையாகப் போய்க்கொண்டே இருக்கிறான். அவள் கார் ஒரு சிற்றூரில் நின்றுவிடுகிறது. அங்கே பொம்மைக்கடை வைத்திருப்பவன் காரைத் தள்ளிவிடுகிறான். கடைசியில் பனி கொட்ட, அலங்கார மரத்தடியில், போன்காரனை விட்டுவிட்டுப் பொம்மைக்காரனைக் கட்டிக்கொள்கிறாள். படம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்திலேயே இதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடும். அந்தப் பெண்ணுக்குத்தான் இரண்டு மணி நேரம் ஆகிறது.

“பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?” என்று கேட்டால், “ரெண்டு. அதுவும் அந்த நாய்க்குட்டிக்காக” என்றார் ஒரு பேருந்து ஓட்டுநர். “மறுபடியும் பார்ப்பீர்களா?” “பின்னே? மூணு தடவை பார்த்தாச்சு.”

ஒரு பல் டாக்டரம்மா ஒன்பது கொடுத்தார். மறுபடியும் பார்ப்பீர்களா? “சத்தியமா மாட்டேன். பாதியிலயே தூங்கிட்டேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு.”

“பொம்மைக்காரன் நடிப்பு மோசம், ஆனா ஸ்வெட்டர் அருமை” என்றார் ஒருவர். “எனக்குப் பிடிக்கலை, என் வீட்டுக்காரருக்கும் பிடிக்கலை, ரெண்டு பேரும் சேர்ந்து அழுதோம்” என்றார் இன்னொருவர். ‘பிடித்தது’ கட்டத்திலா, ‘பிடிக்கவில்லை’ கட்டத்திலா, எதில் இவர்களைத் தள்ளுவது?

வீட்டுக்குப் போனால் அங்கும் இதே கதைதான். நாத்தனார் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு அதே படத்தை ஓடவிட்டிருப்பாள்.

“கண்றாவியா இருக்கு அண்ணி. உக்காருங்க, இப்பதான் கார் நிக்கப்போகுது.”

மற்ற படமாக இருந்தால் கேள்வியம்மா கட்டத்தைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். இதில் அவளுக்கென்று ஒரு பங்கு இருந்தது. படத்தில் கொட்டிய பனி முழுக்க அவள் புருஷன் கொட்டியது. பனிக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். காகிதத்தை அரைத்து, நுரை சேர்த்து, பெரிய மின்விசிறிக்கு முன்னால் தூவி, கொளுத்தும் வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டு நிற்கும் நடிகர்கள்மேல் மார்கழியை இறக்கிவிடுவார். இந்தப் படத்துக்குப் போனவர் ஒரு பருவம் முழுக்க வீட்டுக்கு வரவில்லை. வந்தபோது காதுக்குள்ளும் சட்டைப் பைக்குள்ளும் பனி இருந்தது. பேச்சு மட்டும் அவ்வளவாக இல்லை.

ஜனங்களுக்குப் பிடித்திருந்தால் இரண்டாம் பாகம் எடுப்பார்கள். எடுத்தால் அவர் மறுபடியும் போவார். போகாதீர்கள் என்று சொல்ல அவளுக்கு ஆசை. ஆனால் அவருக்குப் போக ஆசையா, போய்த்தான் ஆக வேண்டும் என்று போகிறாரா என்று இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதில்லை. ஊரையே கேள்வி கேட்கிறவளுக்கு வீட்டில் அந்த ஒரு கேள்வி வாயில் வரவில்லை.

ஒரு மத்தியானம் இயந்திரம் யாரையோ அழைத்தது. “ஹலோ” என்றது குரல்.

கேள்வியம்மாவுக்கு வியர்த்துவிட்டது. அது அவள் புருஷன்.

தெரிந்தவர் எடுத்தால் உடனே சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது விதி. விரல் பொத்தான்வரை போயிற்று. அழுத்தவில்லை. கண்ணாடி அறையில் காது தலையைச் சாய்த்து யார் பேச்சையோ கேட்டுக்கொண்டிருந்தார். இவள் பேச்சாகவும் இருக்கலாம்.

“வணக்கம் ஐயா. நீங்கள் சொல்லும் பதில்கள் இரகசியமாக வைக்கப்படும். சில நிமிடங்கள் பேசலாமா?”

“பேசலாமே. சொல்லுங்கம்மா.”

அம்மாவா? இருபது வருஷத்தில் அவளை அப்படி மரியாதையாக அவர் அழைத்ததே கிடையாது. குரல் தெரியவில்லையா? இல்லை, விளையாடுகிறாரா? அலுவலகக் குரல் வீட்டுக் குரல் மாதிரி இருக்காது என்பது உண்மைதான். அதற்காக, கட்டிய பெண்டாட்டி குரல்கூடவா?

“பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?”

“கதைக்கு ஒண்ணு. பனிக்கு எட்டு. ஒரு இடத்துல காத்து பிசகிடுச்சு, இல்லாட்டி பத்து.”

“மொத்தமாக ஒரு எண் சொல்லுங்கள் ஐயா.”

“உங்களுக்கு எது தோதோ அதைப் போட்டுக்கோங்கம்மா.”

“நான் போடக்கூடாது ஐயா.”

“அப்ப அஞ்சு.”

அடுத்த கேள்வி திரையில் வந்தது. படித்தாள். “கதாநாயகி தனக்கு நிச்சயிக்கப்பட்டவரை விட்டுவிட்டு மற்றவரைத் தேர்ந்தெடுத்தது சரியா? சரி, தவறு, கருத்து இல்லை.”

அந்தப் பக்கம் ஏதோ மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

“அந்தப் பையன் வேலை வேலைன்னு ஓடினான், வாஸ்தவம். ஆனா ‘போகாதே’ன்னு அந்தப் பொண்ணு ஒரு தடவையாவது சொல்லுச்சா? சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும்?”

“சரியா, தவறா, கருத்து இல்லையா ஐயா?”

“சொல்லியிருந்தா இருந்திருப்பான். இருந்திருப்பான்னு நினைக்கிறேன். வேலையும் நல்ல வேலைம்மா, விடவும் மனசு வராது. அவனுக்கே என்ன வேணும்னு தெரியலையோ என்னவோ.”

“மூன்றில் ஒன்று சொல்லுங்கள்.”

“மூணுமேதான்.”

எதைத் தட்டினாள் என்று அவளுக்கே நினைவில்லை. “நேரம் ஒதுக்கியதற்கு நன்றி” என்று படித்து முடித்ததும் கைக்குட்டையை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காது வெளியே வந்து, “குரல் கடைசியில கொஞ்சம் சாஞ்சுச்சே?” என்றார். “சளி சார்” என்றாள்.

சாயங்காலம் வீட்டில் பனிக்காரர் மின்விசிறி இறக்கைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு ஒரு அம்மா போன் பண்ணி, படத்தைப் பத்திக் கேட்டாங்க” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

“என்ன சொன்னீங்க?”

“அது ரகசியம். அந்தம்மாவே சொன்னாங்க.”

“ஏண்ணா, உன் பொண்டாட்டிதானே அந்த வேலை பார்க்குது” என்றாள் நாத்தனார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இவளா? அந்தம்மா ரொம்ப மரியாதையா பேசினாங்களே.”

அவர் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று கேள்வியம்மா குனிந்து பார்த்தாள். எண்ணெய்க் கறைதான் இருந்தது.

அலுவலகம் கொடுத்த அறிக்கையில் பிடித்தவர்கள் பாதி, பிடிக்காதவர்கள் பாதி, மறுபடியும் பார்ப்போம் என்றவர்களில் பெரும்பாலோர் பிடிக்காதவர்கள். இதை வைத்துக்கொண்டு படத்தை மூட்டை கட்டுவார்கள் என்று காது சொன்னார். தொலைக்காட்சிக்காரர்கள் வேறு மாதிரி படித்தார்கள். இவ்வளவு பேர் திட்டுவதற்காகவே உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்றால் இன்னொன்று எடுத்தே ஆக வேண்டும். ஒரு வாரத்துக்குள் பனிக்காரருக்கு போன் வந்துவிட்டது. பெரிய செட்டாம், பனிப்புயலே வேண்டுமாம்.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“வரச் சொல்றாங்க. என்ன சொல்லட்டும்?”

அவள் வாய் தன்னால் அலுவலகக் குரலுக்குத் தயாரானது. உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள் ஐயா. தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

“போகாதீங்க.”

“ஆங்?”

“போக வேணாங்கிறேன். எனக்குப் பிடிக்கலை. போன தடவையும் பிடிக்கலை.”

பனிக்காரர் அவளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு பொத்திய கையை எடுத்து, “இந்தத் தடவை முடியாதுங்க. வீட்ல வேணாங்கிறாங்க. இல்லைங்க, உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லை. வேணாங்கிறாங்க, அவ்வளவுதான்” என்று வைத்துவிட்டார்.

வைத்தபின் மனிதர் சிரிக்கவும் இல்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் இல்லை. போய்த் தங்கை பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தார். திரையில் பனி விழத் தொடங்கியிருந்தது. கேள்வியம்மா ஈரக் கையைத் துடைத்தபடியே போய் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

“வருத்தமா?” என்றாள் மெல்ல.

“தெரியலையே. கொஞ்சம் இருக்கு. கொஞ்சம் நிம்மதியாவும் இருக்கு.” பிறகு, “உனக்கு?” என்றார்.

பதில் சொல்லிப் பழக்கமில்லாதவள் திணறினாள். “சந்தோஷம்தான்னு நினைக்கிறேன். ஆனா அந்தப் புயலை வேற யாராவது கெடுத்துருவாங்களோன்னும் இருக்கு.”

“அதான் எனக்கும்.”

“கொஞ்சம் வாயை மூடுறீங்களா ரெண்டு பேரும்?” என்றாள் நாத்தனார், முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனபடி. “சகிக்கவே முடியாத இடம் வரப்போகுது.”