சேவூரில் கோணலாக வந்த பலகைகள்

என் மகள் பனியன் ஏற்றுமதி ஆபீசில் ஆர்டர் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுவிட்டு மரம் அறுக்கும் மெஷின் வாங்கியதை நான் இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. மரக்கடைக்குள் ஒரே இடத்தில் நிற்கும் மெஷின் அல்ல அது. பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி, மரம் விழுந்து கிடக்கும் தோட்டத்துக்கே இழுத்துப் போவது. நீளமான இரும்புச் சட்டத்தின் மேல் அடிமரத்தைக் கிடத்திக் கட்ட வேண்டும். அதற்கு மேலே என்ஜினும், இரண்டு சக்கரங்களைச் சுற்றி பெல்ட் போல ஓடும் பிளேடும் சேர்ந்த தலைப்பகுதி சட்டத்தின் ஓரங்களில் உருளும். அதைத் தள்ளிக்கொண்டே போனால் பலகை பிரிந்து வரும். வர வேண்டும்.

சேவூரில் வரவில்லை. அங்கே ஒரு தோட்டத்தில் காற்றுக்கு விழுந்த வேம்பு. தோட்டக்காரர் சின்னதாகத் தையல் யூனிட்டும் வைத்திருப்பவர். பண்டல் அடுக்க அலமாரிக்குப் பலகை கேட்டிருந்தார். அது என் மகளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. வீட்டில் உட்கார்ந்து கவலைப்படுவதைவிடப் பக்கத்தில் நின்று கவலைப்படலாம் என்று நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

முதல் பலகை ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் வந்தது. பனியன் கம்பெனியில் இத்தனை வருஷம் குவாலிட்டி பார்த்த கை சும்மா இருக்குமா? டேப்பை வைத்தேன். கால் இஞ்ச் வித்தியாசம். இரண்டாவது பலகை முனைகளில் சரியாக இருந்து நடுவில் குழிந்தது. மூன்றாவது வேறு மாதிரி. ஒரே மாதிரி தப்பாக வந்தாலாவது காரணத்தைப் பிடிக்கலாம். இது ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தப்பு செய்தது.

"ஏனுங் அம்மிணி, இதுல பண்டலை வெச்சா சறுக்கிட்டே பல்லடம் போய்ச் சேந்துருமாட்ட இருக்குது" என்றார் தோட்டக்காரர்.

"சரி பண்ணிக் குடுத்தறனுங்க" என்றாள் மகள். அவள் சிரிக்கவில்லை.

பிளேடு மழுங்கியிருக்கும் என்று புதியதை மாட்டினாள். அப்படியேதான் வந்தது. பிளேடை இருபுறமும் தாங்கும் சின்ன ரோலர்களைத் திருகித் திருகி நேராக்கினாள். பல்லில் ஒட்டியிருந்த வேப்பம்பிசினை டீசல் தொட்டுத் துடைத்தாள். மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள், வேகமாகவும் தள்ளிப் பார்த்தாள். மெஷின் விற்றவரைப் போனில் பிடித்தால், "டென்ஷன் கம்மியா இருக்கும் மேடம், நல்லா ஏத்துங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பிளேடின் இழுவிசையைத்தான் சொன்னார். அவள் ஏற்றினாள். பலகை மாறவில்லை. இன்னும் ஏற்றினாள்.

"போதும் கண்ணு, நாளைக்குப் பாக்கலாம்."

"பேசாம இருங்கம்மா. நீங்க பேசப் பேச எனக்குக் கை ஓட மாட்டேங்குது."

எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் மேலா, மெஷின் மேலா, விற்றவர் மேலா என்று தெரியவில்லை. பிளேடு சக்கரத்தில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க அவள் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு என்ஜினை ஓட்டினாள். வேண்டாம் என்று நான் சொன்னது சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

பட்டாசு மாதிரி ஒரு சத்தம். பிளேடு அறுந்து, திறந்த பக்கமாக ஒரு வீச்சில் வெளியே வந்து மண்ணில் விழுந்தது. அவள் சட்டைக் கை முழங்கையிலிருந்து கிழிந்து தொங்கியது. தோலில் கீறல்கூட இல்லை. நான் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஒண்ணுமில்லீங்கம்மா, ஒண்ணுமில்ல" என்றாள். உதடு வெளுத்திருந்தது. தோட்டக்காரர் தண்ணீர் எடுத்துவர வீட்டுப் பக்கம் ஓடினார். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். இப்போதும் எங்கள் கம்பெனியில் யாராவது ஷட்டரை வேகமாக இறக்கினால் என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது.

அவள் என்ஜினை நிறுத்திவிட்டுத் தலைப்பகுதியைக் கையால் பின்னுக்குத் தள்ளினாள். தள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "வித்துரலாங்கம்மா" என்றாள்.

அந்த வார்த்தைக்காகத்தான் நான் இத்தனை மாதம் காத்திருந்தேன்.

அப்போதுதான் என் கண் மட்டத்தில் அதைப் பார்த்தேன். தலைப்பகுதி கடந்துபோன இடத்தில் சட்டத்தின் கால் ஒன்று அமுங்கியது. கடந்ததும் லேசாக மேலெழும்பியது. அடுத்த காலும் அப்படியே. தரை மேடுபள்ளமாக இருந்ததால் காலையில் தோட்டக்காரர் தன் யூனிட்டில் வெட்டிக் கழித்த துணியை, பனியன் வேஸ்டை, ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தார். அதை மடித்து மடித்துக் கால்களுக்கு அடியில் கொடுத்து மட்டம் பார்த்திருந்தோம். எங்களில் ஒருவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. இந்த ஊரில் கட்டில் ஆடினாலும் கிரைண்டர் ஆடினாலும் பனியன் வேஸ்டைத்தானே அடியில் திணிக்கிறோம். மட்டமும் சரியாகத்தான் காட்டியது, பாரம் ஏறும்வரை. என்ஜின் நகர நகரச் சட்டம் வளைந்து, அதோடு பிளேடும் இறங்கி ஏறியிருக்கிறது.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். இருந்துவிட்டால் மெஷின் போய்விடும், அவள் மறுபடி ஏசி ஆபீசில் உட்காருவாள், அவள் கை அவளுக்கு இருக்கும். அவள் கீழே கிடந்த கோணல் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒழுங்காக இருப்பவை போல, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காலுக்கு அடியில பாரு" என்றேன்.

குனிந்து பார்த்தாள். கையால் அமுக்கினாள். "அட! இதுக்கா நான் அந்த முறுக்கு முறுக்கினேன்?" என்றாள். வேஸ்டை உருவி எறிந்துவிட்டு, மண்ணை வெட்டி, கருங்கல்லை இறுக்கி வைத்தோம். இருந்த கடைசி பிளேடை அளவாக முறுக்கி மாட்டி, மூடியையும் போட்டாள். வந்த பலகையில் டேப்பை மூன்று இடத்தில் வைத்தேன். மூன்றும் ஒன்றே. தோட்டக்காரர் அதைத் தடவிப் பார்த்து, இது முடிந்ததும் கிணற்று மேட்டில் கிடக்கும் இன்னொரு மரத்தையும் அறுத்துவிடச் சொன்னார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். முகம் முழுக்க மரத்தூள். "அதையும் போட்டரலாங்களாம்மா?"

அவளிடம் வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. சக்கரத்தின் மூடியைக் கழற்றி மறுபடி பொருத்தி, நானே கொக்கியை மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.

"மாட்டிருச்சுங்கம்மா" என்றாள். "தள்ளி நில்லுங்க."