சங்கு ஊதும் நேரத்துச் சாப்பாடு

எங்கள் தொழிலில் எடையைக் குறைக்க வழி கேட்டு வருகிறவர்களே அதிகம்; குறைக்கத் தொடங்கிய பிறகு சோறு இறங்கவில்லை என்று திரும்பி வருகிறவர்களைப் பற்றி நாங்கள் வெளியே அவ்வளவாகப் பேசுவதில்லை.

நான் டயட்டீஷியன். ஊட்டியில் ஒரு சிறிய கிளினிக்கில் உட்கார்கிறேன். வியாழக்கிழமைகளில் நடுவட்டத்துக்கு அப்பால் உள்ள ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கும் போய் வருகிறேன். இதை வாசிக்கும் நீங்களும் டயட்டில் இருப்பவரானால், நான் விளக்க வேண்டியதில்லை. முதலில் வயிறு கூச்சல் போடும். பிறகு கெஞ்சும். பிறகு ஒரு நாள் பேச்சையே நிறுத்திவிடும். அந்த மௌனத்தை வெற்றி என்று எண்ணி மகிழ்வோம். அதன்பின் படியேறும்போது கண் இருட்டும். சீப்பில் முடி கொத்தாக வரும். தட்டில் இருக்கும் இட்லி வெறும் வெள்ளையாகத் தெரியும். நானும் உங்களில் ஒருத்திதான். பிறருக்கு அளவு எழுதிக் கொடுத்தே என் அளவையும் குறைத்துக்கொண்டவள். பசி என்ற ஒன்று என்னிடம் வந்து வெகு காலமாகியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டேன், பார்த்து முடித்தேன்.

ஆஃப் சீசன் வயிறு

ஊட்டி மார்க்கெட்டில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் காதர் பாய், சர்க்கரைக்காக உணவைக் குறைத்தவர். குறைத்தது எனக்குத் திருப்தி. ஆனால் அதற்கு மேலும் குறைந்துகொண்டே போனார். மதியம் சாப்பிட்டீர்களா என்று கேட்டால், பசிக்கட்டும் என்று காத்திருந்ததாகவும் அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டதாகவும் சொல்வார். "ஆஃப் சீசன் கடை மாதிரி ஆயிருச்சுங்க மேடம் என் வயிறு. ஷட்டரைத் தூக்கி வச்சுட்டு உக்காந்திருக்கேன், ஒருத்தரும் வரக் காணோம்" என்றார்.

அவருடைய உவமையிலேயே பதில் சொன்னேன். ஆள் வந்த பிறகா பாய் கடையைத் திறக்கிறீர்கள்? நேரத்துக்குத் திறக்கிறீர்கள் அல்லவா? வயிற்றையும் அப்படியே நடத்துங்கள். பசி வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்துக்குச் சிறிது சாப்பிடுங்கள். சில வாரங்களில் பசி தானாக அந்த நேரத்துக்கு வந்து நிற்கும். இது என் தொழிலின் பாலபாடம். அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். கதவருகில் நின்று, சிரிக்காமல் சொன்னார்:

"திறந்து வைக்கறது சரிங்க மேடம். ஆனா திறந்து வச்ச கடைக்குள்ள யார் வந்து நிப்பாங்கன்னு நாம சொல்ல முடியாதுங்களே."

பாக்கியத்தின் முழங்கால்

எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு நான் போகத் தொடங்கிய புதிதில் வந்தவர் பாக்கியம். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தேயிலைச் சரிவுக்கு நடுவே, ஒரே கூரையின் கீழ் வரிசையாக உள்ள லைன் வீடுகளில் கடைசி வீட்டில் தனியாக இருப்பவர். முழங்கால் தேய்ந்து போயிருந்தது. கோயமுத்தூர் டாக்டர், எடையைக் குறைத்தால் ஆபரேஷன் செய்யலாம் என்றார். குறைத்தார். பசியும் அதோடு போய்விட்டது. எடை நிற்காமல் இறங்கியது. அடுத்த முறை பார்த்த டாக்டர், உடம்பில் சத்து இல்லை, இந்த நிலையில் கத்தி வைத்தால் புண் ஆறாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். நடக்க முடியாமல் போனால் திருப்பூரில் இருக்கும் மகள் வந்து கூட்டிப்போய்விடுவாள். "அவ ஊடு மூணாம் மாடியிலங்க. பொட்டிக்குள்ள போட்டு மூடின மாதிரி இருக்கும். எனக்கு இங்கதான் நடக்கணும்" என்றார் பாக்கியம். அவருக்கு முழங்காலை மீட்டால் வீடு மீளும். முழங்காலை மீட்கச் சோறு இறங்க வேண்டும்.

தட்டை எதிரில் வைத்து உட்கார்ந்தால், சன்னல் வழியாக மூடுபனி வந்து பக்கத்தில் உட்காருமாம், பார்த்துக்கொண்டே இருப்பாராம், சோறு ஆறிவிடுமாம். முன்பெல்லாம் எப்போது பசிக்கும் என்று கேட்டேன். "சங்கு ஊதினாப் பசிக்குங்க. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு" என்றார். தேயிலை ஃபேக்டரியின் சங்கு. அந்த லைனில் எல்லாருமே நேரத்தைச் சங்கை வைத்துத்தான் சொல்வார்கள். 'சங்குக்கு முந்தி வந்துருங்க மேடம்' என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கடிகாரத்தைவிட நல்ல துணை. அட்டவணையில் அப்படியே எழுதினேன்: காலைச் சங்குக்கு ராகிக் கஞ்சியும் முட்டையும், மத்தியானச் சங்குக்கு ஒரு கரண்டி சோறு, நிறைய அவரைக் குழம்பு, தயிர், சாயங்காலச் சங்குக்குச் சுண்டலும் பாலும். பசி இல்லாவிட்டாலும் சங்கு கேட்டதும் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். பாக்கியம் என் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"அப்ப இனிமே காது குடுத்துக் கேக்கறேனுங்க மேடம்."

ஞாயிற்றுக்கிழமையும்

கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்தடுத்த வியாழக்கிழமைகளில் அவர் முகத்தில் குழிந்திருந்த இடங்கள் நிரம்பி வந்தன. முட்டையை எந்தச் சங்குக்குச் சாப்பிட்டார், சுண்டல் எந்தச் சங்குக்கு மிஞ்சிப்போனது என்று தெளிவாக ஒப்பித்தார். மூடுபனி வருகிறதா என்று கேட்டேன். வருகிறது, ஆனால் இப்போது பக்கத்தில் உட்காருவதில்லை, வாசலில் நிற்கிறது என்றார். உவமை என்று எடுத்துக்கொண்டேன்.

விடுமுறை நாள்களில் என்ன செய்கிறார் என்ற ஐயம் எனக்கு வந்தது. வாரக் கடைசியில் உணவு தவறுவது எங்கள் தொழிலில் பழைய கதை. ஞாயிற்றுக்கிழமையும் ஊதுகிறதே என்றார். ஞாயிற்றுக்கிழமைகூடவா ஃபேக்டரி ஓடுகிறது என்று வியந்தேன். பாக்கியம் சேலைத் தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டார், குளிருக்காகத்தான்.

"ஃபேக்டரி ஓடுதான்னு எனக்குத் தெரியாதுங்க. சங்கு ஊதுது."

ரோஸ்லின் பாதியில் நிறுத்திய சாப்பாடு

எஸ்டேட் ஆஸ்பத்திரியின் நர்ஸ் ரோஸ்லின், எதையும் நேராகப் பேசுகிறவர். ஒரு மத்தியானம் அவர் டிபன் டப்பாவைத் திறந்தபோது, பேச்சுக்கு, "இன்னும் சங்கு ஊதவில்லையே" என்றேன். அவர் கை டப்பாவின் மேல் நின்றது. "எந்தச் சங்கு மேடம்?" என்றார்.

சங்கு அதுவரை என் காதில் விழாததை, ஃபேக்டரி கீழே தள்ளி இருப்பதால் என்று எண்ணியிருந்தேன். அதன் பிறகுதான் எனக்கு விவரம் தெரிந்தது. ஃபேக்டரி மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. கொழுந்து இப்போது லாரியில் வேறு எஸ்டேட்டுக்குப் போகிறது. இயந்திரங்களைக் கழற்றி விற்றுவிட்டார்கள். சங்கும் பழைய இரும்போடு போய்விட்டது. நேரத்தைச் சங்கால் சொல்லும் வழக்கம் மட்டும் லைனில் தங்கிவிட்டது. நான் நம்பாமல் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். சுவர்கள் நின்றன, கூரை இல்லை. பனி உள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. சங்கு இருந்த இரும்புக் கம்பத்தின் உச்சி வெறுமையாக இருந்தது. காதில் இரைச்சல், நினைவின் பழக்கம், தனிமை என்று படித்த காரணங்களை எல்லாம் அடுக்கிக்கொண்டே மேலே ஏறினேன். அட்டவணையை மாற்றப் போகிறேன் என்று ரோஸ்லினிடம் சொன்னேன். அவர் ஆறிப்போன சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"இருக்கற மனுசங்க கூப்பிட்டு அந்தம்மா சாப்பிடல. இல்லாத சங்கு கூப்பிட்டுச் சாப்பிடுது. நடுவுல நீங்க எதுக்கு மேடம் போறீங்க?"

போனுக்குப் பசித்தது

ஆனாலும் போனேன். இல்லாத ஒன்றை எழுதி என் கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. சங்கு என்று இருந்த இடங்களில் எல்லாம் மணியை எழுதிப் புதிய அட்டவணை கொடுத்தேன். பாக்கியத்தின் செல்போனில் அலாரமும் வைத்துக் கொடுத்தேன். அவர் பழைய அட்டவணையை மட்டும் திரும்ப வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை எடைக் கருவியின் முள் இறங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும். கண்ணுக்குக் கீழே பழைய நிழல் வந்துவிட்டது. டாக்டர் மறுபடி பார்ப்பதாகச் சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. திருப்பூர் மகள் இரண்டு முறை ரோஸ்லினுக்குப் போன் செய்து, அம்மாவின் துணிகளைக் கட்டி வைக்கச் சொல்லியிருந்தாள். அலாரம் அடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"அடிக்குதுங்க மேடம். போனுக்குப் பசிக்குதாட்ட இருக்குது. அடிச்சு அடிச்சு அதுவா ஓஞ்சுருது."

கடைசி வீடு

அன்றே அவருடன் லைனுக்கு நடந்தேன். அவர் எப்படிச் சாப்பிடுகிறார், அல்லது சாப்பிடாமல் இருக்கிறார் என்பதை நேரில் பார்ப்பது என் நோக்கம். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். மத்தியானம் என்று சொல்ல முடியாதபடி பனி மூடியிருந்தது. பக்கத்து வீட்டுக் கதவின் நிறம் தெரியவில்லை. பாக்கியம் சோற்றை எடுத்து வைத்தார், தட்டைத் தொடவில்லை. நான் அலாரத்தை நிறுத்தினேன். பழைய அட்டவணையையே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையசைத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். வெளியே பேச்சுச் சத்தமில்லை, காக்கைகூட இல்லை.

இங்கே நான் மிகவும் கவனமாக எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு எந்தச் சங்கும் கேட்கவில்லை. முதலில் லைனின் மறுகோடி வீட்டில் ஒரு பாத்திரத்தின் மூடி திறக்கும் ஓசை கேட்டது. அடுத்த வீட்டில் ஒரு தட்டு தரையில் வைக்கப்பட்டது. அதற்கடுத்த வீட்டில் கரண்டி. அந்த ஓசை வீடு வீடாக, பனிக்குள் ஒருவர் நடந்து வருவதுபோல, எங்களை நோக்கி வந்தது. பக்கத்து வீட்டை அடைந்தது. பாக்கியம் கையைச் சோற்றில் வைத்தார். அந்தக் கணத்தில், வெகு காலமாக வாய் திறக்காத என் வயிறு, உரக்கக் கூப்பிட்டது. சிறு பெண்ணைப்போலப் பசித்தது. அப்போதுதான் கவனித்தேன்: என் எதிரிலும் ஒரு தட்டு இருந்தது, சோறும் அவரைக் குழம்புமாக. நாங்கள் வந்ததிலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். பாக்கியம் வாயில் சோற்றோடு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கும் ஊதிருச்சுங்களா? ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க மேடம்."

பக்கத்துக் கட்டில்

நான் சாப்பிட்டேன், இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டேன். பாக்கியம் ஏறி நின்றபோது எடைக் கருவியின் முள் மறுபடி மேலே நகர்ந்தது. டாக்டர் தேதி கொடுத்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் எனக்கு ஒரு பயம் மிஞ்சியிருந்தது. கோயமுத்தூரில் பனி இல்லை, லைன் இல்லை, பாத்திரம் திறக்கும் அயல்வீடு இல்லை. அங்கே சாப்பிடாவிட்டால் புண் ஆறாது. புண் ஆறாவிட்டால் திருப்பூர்.

போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள். "அம்மா நல்லாச் சாப்பிடறாங்க மேடம், எனக்கே ஆச்சரியமா இருக்குது. நேரம் ஆனா யாரும் சொல்லாமயே எந்திரிச்சு உக்காந்துக்கறாங்க" என்றாள். பாக்கியத்திடம் கொடுக்கச் சொன்னேன். அங்கேயும் கேட்கிறதா என்று எனக்கே கேட்காத குரலில் கேட்டேன். இன்று அவர் ஒரு கைத்தடியோடு லைன் படிகளில் ஏறி இறங்குகிறார், தன் வீட்டுக் கதவைத் தானே திறந்து மூடுகிறார். அதனால் அன்று அவர் சொன்னதைப் பற்றி நான் குறை சொல்ல முடியாது. வார்டில் யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல ரகசியமாகச் சொன்னார்:

"மொத நாள் லேசாத்தான் கேட்டுதுங்க. இப்ப நல்லாவே ஊதுது. பக்கத்துக் கட்டில் அம்மா ஒரு வாரமாச் சோறே தொடலையாம். இன்னிக்கு எந்திரிச்சு உக்காந்து தட்டு எங்கேன்னு கேக்கறாங்க."

பசி எடுக்காதவர்கள் நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும் என்பதே இன்றும் என் ஆலோசனை. அந்த நேரத்தை அவர்களுக்கு யார் சொல்கிறார்கள் என்று மட்டும் நான் இப்போது கேட்பதில்லை.