பலகையின் ஐந்தாவது வரி

நேற்று மருந்து வாங்கப் போன வழியில் ஒரு சட்டத்தரணியின் புதுப் பலகையைப் பார்த்தேன். என்னென்ன அலுவல் பார்ப்பார் என்று பதினொரு வரி. மழையில் நின்று இரண்டு முறை எண்ணினேன். பின்னால் வந்தவர் குடையால் இடித்தார். இந்தக் கண்டியில் இப்போது நிற்கவும் இடமில்லை.

அந்தக் காலத்தில் சட்டத்தரணிக்குப் புரொக்டர் என்று பெயர்; என் புரொக்டரின் பலகையில் ஐந்தே வரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், நீதிமன்றத்துக்குப் பின்னாலிருந்த அவர் அறையில் நான் கிளாக்கர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் சட்டம் படித்தவர். உறுதி எழுதுதல், மரணசாசனம், காணிப் பிரிவினை, முதுசொம் வழக்கு. ஐந்தாவது, தோட்டக் கம்பனி அலுவல். எங்கள் இருவர் வீட்டிலும் உலை கொதித்தது அந்த ஐந்தாவதால்தான். தோட்டத்துத் துரைமாருக்கு எழுத மட்டும் தனித்தாள் இருந்தது. ‘கம்பனியின் புரொக்டர்’ என்று தலைப்பில் நீல எழுத்து. அலுமாரியில் பாச்சை உருண்டை வாடையோடு கிடக்கும். எண்ணி வைப்பது என் வேலை.

ஒரு நாள் பன்விலப் பக்கமிருந்து மாரியாயி என்ற பெண் நடந்தே வந்தாள். எங்கள் கம்பனித் தோட்டம்தான். வேலையிலிருந்து நிறுத்திய புருஷனுக்குப் பத்துச்சீட்டு கொடுத்தாயிற்று. இவளுடையதைத் துரை தரவில்லை. அந்தச் சீட்டில்லாமல் வேறெந்தத் தோட்டத்திலும் பேர் பதியமாட்டார்கள்.

“அவரு புள்ளையத் தூக்கிக்கிட்டு நாவலப்பிட்டிப் பக்கம் போயிட்டாருங்க. நா மட்டும் லயத்து வீட்டுல கெடக்கேன்.”

கம்பனிக்கு எதிரான அலுவலை நாங்கள் தொடுவதில்லை. இருந்தும், சீட்டைக் கொடுத்துவிடும்படி புரொக்டர் துரைக்கு ஒரு கடிதம் சொன்னார். தட்டச்சு செய்து முடித்த பிறகுதான் பார்த்தேன்: துரைக்கு என்றதும் பழக்கத்தில் என் கை நீலத்தாளை எடுத்திருந்தது.

“ஐயா, தாள் மாறிப்போச்சு. வேற அடிச்சுத் தர்றேன்.”

“எத்தனை தாள் மிச்சம்?”

“நாப்பத்திரெண்டுங்க.”

“வேற தாளில போனா அந்தத் துரை வாசிச்சும் பாக்கமாட்டான்.” கையெழுத்துப் போட்டார்.

“கம்பனிக்குத் தெரிஞ்சா?”

“தெரியவரும்தான். ஐசே, நீர் முத்திரையை ஒட்டும்.”

ஒன்பதாம் நாள் சீட்டு வந்தது. வாங்கவந்த மாரியாயி, “கிளாக்கரய்யா, அப்புடி என்னா மந்திரம் எழுதுனீங்க?” என்று சிரித்தாள்.

அடுத்த மாதம் கம்பனி தன் வழக்குக் கட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டது. பதினேழு கட்டு, நான்தான் வண்டியில் ஏற்றினேன். பெயின்டர் வந்து ஐந்தாவது வரிக்குக் கறுப்படித்தான். மிச்ச நீலத்தாள்களின் முதுகில் வரைவு எழுதினோம்.

மழையில் பலகை நனைந்தால் கறுப்புக்குள்ளிருந்து அந்த வரி மங்கலாகத் தெரியும். இன்று அந்த அறை இல்லை, பலகை இல்லை. புரொக்டர் என்ற பெயரே சட்டத்திலிருந்து போய்விட்டது. நேற்றைய பலகையும் நனைந்துதான் இருந்தது. பதினொரு வரிக்கும் அடியில் கறுப்படித்த வரி ஏதும் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.