இளவரசனால் திறக்க முடியாத குப்பி

எங்கள் மாடிவீட்டுக்காரர் மாயாஜால நாவல்கள் எழுதுகிறவர். இறக்கை முளைத்த குதிரை, பேசும் பனிப்பாறை என்று பக்கம் பக்கமாகப் புளுகுவார். வீட்டில் சின்னப் பொய் சொன்னாலும் காது சிவந்துவிடும். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் ஒரு வருஷமாக மனைவியை ஏமாற்றி வந்தார்.

விஷயம், பாறை ஏறுவது. ஒருமுறை கயிறு நழுவித் தோள்பட்டை எலும்பு முறிந்தது. சட்டை மாட்டி, தலை வாரி, மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டவர் அந்த அம்மாள்தான். "இனிமே அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்று இவர் வாக்குக் கொடுத்தார். படுக்கவில்லை, ஏறினார். எழுத அமைதி வேண்டும், வெளியூரில் அறை எடுக்கிறேன் என்று கிளம்புவார். அம்மாள் மடிக்கணினியைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டு அனுப்புவார். அது சிநேகிதர் வீட்டு அலமாரியில் தூங்கும். அங்கிருந்து கயிறு புறப்படும். உச்சியில் நிற்கும்போது அந்த முடிச்சு ஞாபகம் வரும். அடுத்த மாதமும் போவார்.

அவர் எழுதுவதை முதலில் படிப்பவர் மனைவி. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. வீட்டிலும் அதே கண். ஒருநாள் புது அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தினார்.

"ஏங்க, மலையிறங்கி வந்த இளவரசன் மருந்துக் குப்பியத் திறக்க முடியாம பல்லால கடிக்கிறானே?"

"பாறையப் பிடிச்சுப் பிடிச்சு விரல் மடங்கினபடியே நின்னுடும்."

"உங்க பழைய இளவரசனுங்க இறங்கின கையோட வாள் சுத்துவானுங்களே?"

"அதெல்லாம் சும்மா எழுதினது."

"அப்ப இது?"

காது சிவந்தது.

"ஞாயித்துக்கிழமை வந்ததும் தைல பாட்டிலைத் திறந்து குடுன்னு நீட்டினீங்க. டைப் அடிச்சு விரல் மரத்துப்போச்சுன்னீங்க. நானும் பாவம்னு தேய்ச்சுவிட்டேன்."

தேய்த்துவிட்ட கை தாளின்மேல் இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தார்.

"இனிமே போகமாட்டேன்."

"அதையும் நாவல்ல சேர்த்துக்குங்க, மாயாஜாலம்தானே." தாளை அடுக்கினார். "போறதா இருந்தா எந்தப் பாறைன்னு சொல்லிட்டுப் போங்க. மறுபடி விழுந்தா, நீங்க இல்லாத லாட்ஜுக் கதவை நான் தட்டிக்கிட்டு நிக்கணுமா?"

அடுத்த மாதம் சொல்லிவிட்டே கிளம்பினார். இந்தமுறை கயிற்றைத் துணியில் சுற்றி, அதே முடிச்சுப் போட்டுக் கொடுத்தார் அம்மாள். பாறையடியில் உட்கார்ந்து இவர் அதை அவிழ்க்கப் பார்த்தார். ஏறுவதற்கு முன்பே விரல்கள் மடங்கிக்கொண்டன.