சாரல் மேல் போட்ட பழி

எழுபதுகளின் கடைசியில், தென்காசியில் நாங்கள் எட்டுப் பெண்கள் மாலைதோறும் வளையப்பந்து ஆடுவோம். ஒருமுறை என் கணுக்கால் பிசகியது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அம்மா, "வலி போயிட்டுன்னு ஆடப் போயிராதீங்க. தினமும் ஒத்தக்கால்ல நின்னு பழகுங்க, அப்பத்தான் நிதானம் வரும்" என்றார்.

வீட்டில் மாமனார் முன்னால் அப்படி நிற்கக் கூச்சம். இரண்டே நாளில் விட்டுவிட்டேன். என் ஜோடியாக ஆடும் பக்கத்து வீட்டு மதினி கேட்டபோது, "தினமும் நிக்கேன் மதினி" என்று பொய் சொன்னேன்.

குற்றாலத்தில் நடந்த போட்டியில், தலைக்கு மேல் வந்த வளையத்துக்காகப் பின்வாங்கினேன். கால் தாங்காமல் மதினி மேலேயே விழுந்தேன். அவருடைய மணிக்கட்டு முறிந்தது. "சாரல்ல தரை வழுக்கிட்டு" என்றேன். எல்லோரும் நம்பினார்கள்.

மறுநாள் பார்க்கப் போனேன். கையில் மாவுக்கட்டுடன் மதினி, "ஈரத்துல ஆட வேண்டாம்னு நான்தான் சொல்லிருக்கணும். உனக்கு ஒண்ணுமில்லையேட்டி?" என்றார். அதற்கு மேல் தாங்கமுடியாமல் உண்மையைச் சொல்லி அழுதேன். மதினி மாவுக்கட்டுக் கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

அன்று மாலையே மற்றவர்களிடமும் சொன்னேன். அதன் பிறகு தினமும் ஆட்டத்துக்கு முன், எல்லோரும் பார்க்க ஒற்றைக்காலில் நின்று பழகினேன். சிலர் என்னோடு சேர்ந்தும் நின்றார்கள். மதினியும் மறுபடி ஆட வந்துவிட்டார். ஆனால் வளையத்தை இடக்கையால்தான் பிடிப்பார். அந்த நேரத்தில் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.