இரண்டு பலகைக்கு ஒரே மாலை

டயகமவிலிருந்து அக்கரப்பத்தனைக்கு இறங்கும் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோள் பையில் கட்டிக்கொள்ள இரண்டு சாரம், ஒரு ஸ்வெட்டர், ஒரு ஸ்பேனர். சட்டைப் பையில் எட்டு ஸ்க்ரூ ஆணிகள். வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அதற்குப் பிறகு பதினாறோ பதினேழோ வேலை பார்த்துவிட்டேன். மேசன் அடித்துத் துரத்தியிருக்கிறான். மரக்கறி லொறியிலிருந்து நானே குதித்து ஓடியிருக்கிறேன். ஆனால் இரண்டு நாடுகளின் உறவைக் கெடுத்துவிட்டு நடந்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது வேலைக்குப் போகும் பிள்ளைகள் போனில் செய்தி பார்க்கிறார்கள். எந்த நாடு எந்தத் துறைமுகத்தைக் கேட்கிறது, எந்தக் கப்பல் எதற்கு வந்து நிற்கிறது என்று எனக்கே விளக்குகிறார்கள். நான் அந்தப் பாடத்தை ஒரு தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நின்று படித்தவன். அதனால் எழுதி வைக்கிறேன்.

1. டேங்க் நாடு, பைப் நாடு

தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிஷனில், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு பீலி. மலை ஊற்றில் குழாயைச் செருகி விழவிட்ட தண்ணீரைத்தான் பீலி என்போம். மழைக்காலத்தில் அது அருவி, வெயில் காலத்தில் சுண்டுவிரல். விடியுமுன் குடத்தோடு வரிசையில் நின்றால்தான் சமையல். வரிசை நீண்டால் பெரட்டுக்குப் பிந்தும். காலையில் ஆள் பிரிக்கும் அந்த இடத்துக்குப் பிந்தி வந்தால் அன்றைக்குப் பேரும் சம்பளமும் கிடையாது, திரும்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கொழுந்து பறிக்கும் பாக்கியம் அக்காவுக்கு முழங்கால் வலி. அந்த மாதத்தில் மட்டும் மூன்று நாள் அப்படித் திரும்பியிருந்தார்.

அப்போதுதான் உதவி வந்தது. ஒரு நாடு மலை உச்சியில் பெரிய தொட்டி கட்டித் தந்தது. இன்னொரு நாடு அங்கிருந்து லயம் வரை பைப் போட்டது. இரண்டும் ஆசியாவில் பெரிய நாடுகள். நம் கடலுக்கு மேலாக ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருப்பவை. பெயர் எழுத வேண்டாம். லயத்தில் அவற்றை டேங்க் நாடு, பைப் நாடு என்றே சொன்னோம். டேங்க் நாட்டிடம் பைப் இல்லாமல் இல்லை. பைப் நாட்டுக்குத் தொட்டி கட்டத் தெரியாமலும் இல்லை. ஒருவர் முழுவதையும் கொடுத்தால் மற்றவர் கோபிப்பார் என்று நம் நாட்டுப் பெரியவர்கள் பாதி பாதியாகப் பிரித்து வாங்கினார்கள். பைப் இல்லாத தொட்டியும் தொட்டி இல்லாத பைப்பும் ஒரு வருடம் மழையில் நனைந்தபடி நட்பை வளர்த்தன. கடைசியில் யாரோ இரண்டையும் பொருத்தினார்கள்.

நான் வால்வு பார்க்கிற ஆளாகச் சேர்ந்தேன். வால்வுப் பெட்டிக்கு ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி. அது என் இடுப்பில்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் கொழும்பிலிருந்து திட்ட அதிகாரி வந்தார். டை கட்டிய தமிழர், நல்ல மனிதர்தான்.

"பத்து மணிக்கு டேங்க் பார்ட்டி. ரெண்டு மணிக்கு பைப் பார்ட்டி. ஒருத்தர் பேர்ப் பலகைய ஒருத்தர் பாக்கவே கூடாது. நடுவுல நீ என்ன செய்யணும்?"

"பலகைய மாத்தணும் சார்."

"அப்புறம்?"

"தண்ணிய மூடணும்."

"எதுக்கு?"

"ரெண்டாவதா வர்றவங்களுக்கும் முதல் தண்ணி வேணும்ல சார்."

"கெட்டிக்காரன்," என்றார்.

பாதுகாப்புக்குப் பொலிசும் வந்தது. தேயிலைச் செடிக்குள் நாயை விட்டுத் தேடினார்கள். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளையெல்லாம் எண்ணி ஸ்டோரில் பூட்டினார்கள். அவர்கள் எதிர்பார்க்காத ஆயுதம் ஒன்று இருந்தது: குங்குமம்.

2. பொட்டு

பத்து மணிப் பார்ட்டி சரியாக வந்தது. டேங்க் நாட்டுப் பெரியவர் தொட்டியடியில் மாட்டியிருந்த பலகையின் திரையை விலக்கினார். பைப்பைத் திறந்தார். தண்ணீர் வந்தது, படம் எடுத்தார்கள், போனார்கள். பெண்கள் அரைக் குடம் பிடிப்பதற்குள் அதிகாரி கையைக் காட்டினார். நான் வால்வை மூடிப் பூட்டினேன்.

பிறகு ஸ்பேனரோடு பலகையிடம் போனேன். அதன் நெற்றியில் சந்தனம். அதன் மேல் குங்குமப் பொட்டு. அடியில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் வழக்கம் அது. பெக்டரியில் புது மெஷின் ஓட்டுமுன் ரோதைமுனிக்குப் பூசை, கவ்வாத்து தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை. புதுத் தண்ணீருக்கும் யாரையாவது கும்பிட வேண்டும். சாமி சிலை எதுவும் அங்கே இல்லை. பளபளவென்று நின்றது பலகை மட்டும்தான். கத்தி இல்லாததால் பாக்கியம் அக்கா எலுமிச்சம்பழத்தைக் காலால் நசுக்கினார்.

"அக்கா, நவுருங்க. இதக் கழட்டணும்."

"பொட்டு வெச்சதக் கழட்டுறதா? ஒனக்குக் கை வெளங்குமா தம்பி?"

நான் கண்டாக்கையாவைப் பார்த்தேன். வெளிக்கள வேலைகளை நடத்தும் உத்தியோகத்தர் அவர். என்ன அதட்டினாலும் ஆடி மாதம் தீ மிதிக்கிறவர். தலையைச் சொறிந்தார்.

"சாமி குத்தம் எதுக்கு? அத விட்டுட்டு மத்ததப் பக்கத்துல மாட்டுடா. துணியப் போட்டு மூடிக்கலாம்."

பக்கத்தில் மாட்டினேன். அப்போது பெண்களுக்கு இன்னொரு நியாயம் தோன்றியது. ஒன்றுக்குச் செய்து மற்றதை விட்டால் அது மனக்குறை. இரண்டாவது பலகைக்கும் பொட்டு வைத்தார்கள். மாலைதான் ஒன்றே ஒன்று மிச்சம். நீளமானது. அதை இரண்டு பலகைக்கும் சேர்த்துப் போட்டார்கள்.

"மாப்புள பொண்ணு கணக்கா இருக்கே," என்று ஒருத்தி சொல்ல, குலவை போட்டார்கள்.

துணி எடுத்து வர நான் ஸ்டோருக்கு ஓடினேன். துணியோடு நான் திரும்பும்போதே பைப் பார்ட்டி இருபது நிமிடம் முந்தி வந்துவிட்டது.

அந்த நாட்டுப் பெரியவர் காரை விட்டு இறங்கி இரண்டு பலகையையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திட்ட அதிகாரியின் முகத்தில் எல்லாம் தெரிந்தது. மொழிபெயர்ப்பாளர் பெண்களைக் கேட்டார், "இது என்ன?"

பாக்கியம் அக்கா கை கூப்பினார். "ரெண்டு பேரும் ஒத்துமையா நல்லாருக்கணும்னு கும்பிட்டோம் சார்."

அது மொழிபெயர்க்கப்பட்டது. பெரியவர் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினார். பைப்பை யாரும் திறக்கவில்லை.

அதிகாரி அதட்டியதில் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே விலகினார்கள். இரண்டு பலகையையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கழட்டினேன். அவை வேனில் ஏறின. எட்டு ஸ்க்ரூவும் என் பையில் தங்கின.

"மேலருந்து லெட்டர் வர்ற வரைக்கும் வால்வத் தொறக்காத."

"மேல தண்ணிதான் சார் இருக்கு."

அவர் வேன் கதவைச் சாத்தினார்.

3. சாவி

மறுநாள் காலை பாக்கியம் அக்கா மெதுவாக மலையேறித் தொட்டியடிக்கு வந்தார். கையில் வெறுங்கூடை. பீலி வரிசையில் நின்று பெரட்டுக்குப் பிந்தியிருக்கிறார். கண்டாக்கையா திருப்பி அனுப்பியிருக்கிறார்.

கல்லில் உட்கார்ந்து முழங்காலை அமுக்கினார். தொட்டி நிறைந்து மேலால் வழிந்து, தேயிலைக்கு நடுவே வெட்டிய காணில் ஓடிக்கொண்டிருந்தது.

"தேயிலைக்குப் போவுது. நமக்கு லெட்டர் வரணுமாக்கும்," என்றார். காணைப் பார்த்தபடியே, "தப்பு எங்க மேலதான் தம்பி. ரெண்டு மால வாங்கியிருக்கணும்."

அவர் என்னைத் திறக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சட்டம் பேசியிருப்பேன்.

பெட்டியைத் திறந்தேன். வால்வு இறுகியிருந்தது, ஸ்பேனர் வைத்துத் திருப்பினேன். கீழே லயத்தில் முதலில் ஒரு சத்தம், பிறகு பல சத்தம். சாவியை அக்காவின் கூடையில் போட்டேன்.

இறங்கும் வழியில் கண்டாக்கையா நின்றார்.

"சாவி எங்கடா?"

"தொலஞ்சிபோச்சுங்க."

லயத்துப் பக்கம் காது கொடுத்துக் கேட்டார். "தொலஞ்ச சாவிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ பஸ்ஸு பாக்காத, நடந்தே போயிரு."

அப்படித்தான் நடந்தேன். அக்கரப்பத்தனையில் பஸ் பிடித்து ஹட்டன் வந்தேன். தெரிந்த முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் மூட்டைகளுக்கு நடுவே படுத்தேன். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு சின்ன நீர்மின் நிலையத்துக்கு ஆள் தேடுவதாக அவர் சொன்னார். காலையில் போனேன். அங்கிருந்த சிங்கள ஓவசியர் எனக்குத் தெரிந்த சிங்களத்தைவிட நல்ல தமிழ் பேசினார்.

"முந்தி என்ன வேல?"

"வால்வு பாத்தேன் மாத்தயா."

"பூட்டத் தெரியுமா?"

"தெரியும்."

"தொறக்க?"

"சொன்னாத் தொறப்பேன்."

"ஹரி," என்று சிங்களத்தில் சம்மதம் சொல்லிவிட்டு என் பெயரை எழுதிக்கொண்டார்.

வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். சம்பளத்தைப் பிறகு கேளுங்கள். சாவி எத்தனை என்று முதலில் கேளுங்கள். நான் கேட்டேன். ஒன்றுதான் என்றார்.

"கீழ லயம் இருக்குங்களா மாத்தயா?"

"இருக்கு. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சாவியை வாங்கி, எட்டு ஸ்க்ரூ கிடந்த பையிலேயே போட்டுக்கொண்டேன்.